மடுவத்து மணியும் கடிகாரம் இல்லாத பெட்டியும்

"புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு உக்காந்து ஏதாவது எழுதிக் குடுங்க டீச்சர்" என்று என் பழைய ஆபீஸில் கேட்டார்கள். எழுதலாம். உட்காருவதுதான் எனக்கு வராது. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் ஒரு பிளக்கின் விளக்கு சிமிட்டினால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அதனால் இந்தக் கதை கொஞ்சம் அங்குமிங்கும் ஓடும். நீங்களும் பின்னாலேயே ஓடி வாருங்கள்.

சப்ரகமுவத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் கணினிப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். கடைசி வருடங்களில் பள்ளிகளுக்கும் பிள்ளை மடுவங்களுக்கும் கணினி பொருத்திக் கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். உங்களில் நகரத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பிள்ளை மடுவம் என்பது, தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். ஒரு அறை, வரிசையாக ஏணைகள், ஒரு அடுப்பு, முன்னால் ஒரு முற்றம். பார்த்துக்கொள்ள ஒரு பெண். அவ்வளவுதான்.

நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படி ஒரு மடுவத்தில் நான் பொருத்திய பெட்டியைப் பற்றித்தான் இது. பெட்டி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பிஸ்கட் பாக்கெட்டை விடச் சின்னது. ஒற்றைப் பலகைக் கணினி என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும். அதில் கம்பியில்லாமல் கோப்பு பகிர்கிற ஒரு செயலியை நிறுவியிருந்தேன். எப்படி நிறுவுவது என்று இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள், ஆனால் என்னிடம் சாயங்காலத்தில் கேட்காதீர்கள், சிடுசிடுப்பேன்.

தோட்டத்தின் அந்தப் பகுதியில், டிவிஷன் என்பார்கள், போனுக்குச் சிக்னல் வேண்டும் என்றால் ஒரு பாறை மேல் ஏற வேண்டும். மழைக் காலத்தில் பாறையும் கைவிட்டுவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. மடுவத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் பெயர் பரமேஸ்வரி. எல்லோருக்கும் பரமேஸ். பொருத்திய அன்று அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வாட்ஸ்அப்பா டீச்சர்?"

"இல்ல பரமேஸ். டேட்டா வேணாம், கார்டு போட வேணாம். இந்த முத்தத்துக்குள்ள நின்னா போதும். ஒருத்தர் போன்ல இருந்து பொட்டிக்குப் போடலாம், மத்தவங்க பொட்டியில இருந்து எடுத்துக்கலாம்."

"அப்ப கரும்பலகை மாதிரின்னு சொல்லுங்க."

"பேசுற கரும்பலகை."

"பேசட்டும் பேசட்டும். இங்க கத்துற புள்ளைங்களோட அதுவும் ஒண்ணு" என்றாள்.

தடுப்பூசி நாள், சத்துணவுப் பாடம், பெரிய பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் என்று தொடங்கினோம். யாரும் சீண்டவில்லை, உண்மையைச் சொன்னால். பெட்டிக்கு உயிர் வந்தது அந்த டிவிஷனில் வேலை பிரித்துக்கொடுக்கும் கணக்கப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான். முன்பெல்லாம் அவர் சாயங்காலம் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக நடந்து, நாளைக்கு எந்த மலையில் வேலை, எத்தனை மணிக்கு என்று கத்திச் சொல்லிவிட்டுப் போவார். இப்போது மடுவத்து முற்றத்தில் நின்று போனை வாயருகே பிடித்துப் பேசிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். விடிந்ததும் தாய்மார் பிள்ளையை விட வருவார்கள், போனில் அவர் குரல் கேட்கும், கேட்டுவிட்டு நேரே மலைக்குப் போவார்கள். பிள்ளை இல்லாதவர்களுக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

"டீச்சர், எந் தொண்ட தப்பிச்சிச்சு" என்று அவர் என்னைப் பார்க்கும் போதெல்லாம் சொல்வார். எனக்கும் பெருமைதான். இல்லையென்று சொன்னால் பொய்.

இனி அந்த மழை நாளுக்கு வருகிறேன். மனசு இப்போதே அங்கே ஓடிவிட்டது, என்ன செய்ய.

பல நாள் விடாத மழை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பெட்டி என்ன ஆனதோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று காலை மழை கொஞ்சம் விட்டதும் சுனிலின் முச்சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சுனில் சிங்களவர். தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடி ஓடி நம்மை விட நன்றாகத் தமிழ் பேசுவார். தோட்டத்து வளைவில் மண் சரிந்து பாதை பாதி காணாமல் போயிருந்தது.

"மிஸ், யன்ன பே. பார கெடிலா" என்று வண்டியை நிறுத்தினார். போக முடியாது, ரோடு உடைந்துவிட்டது என்கிறார். ஆள் பதறினால்தான் சிங்களம் முன்னால் வரும். பிறகு தமிழில் சொன்னார்: "எதுக்கு மிஸ் இன்னைக்குப் போறீங்க? தோட்டத்துல வேலையே இல்ல. நேத்து சாயங்காலம் கணக்கப்பிள்ளை ஐயாவ நான்தான் நிவித்திகலைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க அவர் வீட்டுக்குள்ள தண்ணியாம். போற வழியில சொன்னாரு, ரெண்டாம் மலைக்கு மேல தரை வெடிச்சிருக்காம். ஒருத்தரும் அங்க போகக் கூடாதுன்னு பொட்டியில சொல்லிட்டுத்தான் வந்தாராம்."

நல்ல வேளை, சொல்லிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டு குடையைப் பிடித்து நடந்தேன். மடுவம் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்தது, குழந்தைகள் அழுகிற சத்தம். ஒன்று இரண்டு இல்லை, மடுவம் நிறைய.

வேலை இல்லாத நாளில் மடுவத்தில் பிள்ளைகள் எதற்கு? என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் ஓடினேன். இந்த வயதில், அந்தச் சேற்றில், எப்படி ஓடினேன் என்று தெரியாது.

பரமேஸ் இடுப்பில் ஒரு பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். "வாங்க டீச்சர், நல்ல நேரத்துல வந்தீங்க. பொட்டி அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

"பொம்பளைங்க எல்லாம் எங்க பரமேஸ்?"

"ரெண்டாம் மலைக்கு. ஐயா பேசியிருந்தாரே, காலையில எல்லாரும் கேட்டாங்களே. எங்க சரோஜாவும் போயிட்டா. இது அவ புள்ளதான், விட்டதுல இருந்து ஒரே சிணுக்கம்."

சரோஜா பரமேஸின் மகள். ஒரே மகள். அதே தோட்டத்தில் கட்டிக்கொடுத்து, மாமியாரும் அவளும் ஒரே கொந்தரப்பில், ஒப்பந்தக் கூலிக்கு, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போனை எடுத்துப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே கணக்கப்பிள்ளையின் குரல் ஒன்று. அழுத்தினேன். "எல்லாரும் ரெண்டாம் மலைக்கு வந்துடுங்க, லேட்டா வந்தா அரைப் பேர்தான்" என்று கண்டிப்பாகப் பேசினார். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். அது நேற்றுச் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன், மழைக்கு முந்தைய வாரம் சொன்னது. அது எப்படி உச்சியில் வந்து நிற்கிறது?

நின்ற நிலையிலேயே புரிந்துவிட்டது. இந்தச் சின்னப் பலகைக்குக் கடிகாரத்துக்கென்று மின்கலம் கிடையாது, உங்களுக்குத் தெரியும். இணையம் இருந்தால் அங்கே நேரம் கேட்டுக்கொள்ளும்; இங்கே பொருத்தும்போது நான் கையால் வைத்ததுதான் நேரம். மின்சாரம் போய், இணையமும் இல்லாமல் எழுந்தால் ஏதோ ஒரு பழைய நாளில் கண் விழித்து, இதுதான் இன்று என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நேற்று மின்சாரம் போய்ப் போய் வந்ததில் பெட்டி அப்படித்தான் எழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் கணக்கப்பிள்ளை சொன்ன எச்சரிக்கையைப் பழைய தேதி போட்டு அடியில் தள்ளிவிட்டது. போன வாரத்துக் கட்டளையை இன்றைக்கு உரியதாக மேலே வைத்துவிட்டது. மனுஷன் சொன்னது சொன்னபடி உள்ளேயே இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

பரமேஸிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. மலை வெடித்திருக்கிறது, அவர்கள் போயிருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருப்பேன். அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எம் மக மேல இருக்கா டீச்சர்" என்றாள். அதையே திரும்பவும் சொன்னாள்.

அடுத்து நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். அடியில் கிடக்கும் அந்த எச்சரிக்கையைத் தேட விரலை வைத்தேன். பெட்டி அணைந்தது. காத்திருந்தேன். எரிந்தது. திறந்தேன். மறுபடி அணைந்தது. குனிந்து பார்த்தால், நான் கொடுத்த அடாப்டரை யாரோ போன் சார்ஜ் போடக் கழற்றிவிட்டு, ஒரு மெலிந்த சார்ஜரைச் செருகியிருக்கிறார்கள். அதற்குப் பெட்டியைத் தாங்க வலுவில்லை. என் பையில் வேறு அடாப்டர் இருக்கிறது. மாற்றலாம். பிறகு அது எழ வேண்டும், நான் தேட வேண்டும், எடுக்க வேண்டும். அந்தக் குரலை எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டும். என் கை பரபரத்தது. கண் முன்னால் ஒரு பழுது இருக்கிறது, அதைச் சரி செய்ய எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதை விடப் பெரிய இழுப்பு கிடையாது.

"டீச்சர், பொட்டிய விடுங்க! அது கெடக்கட்டும்!" பரமேஸ் கத்தினாள்.

விட்டேன். மற்ற வழிகளை யோசித்தேன். கத்தினால் கேட்காது. நான் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் என்னவும் நடக்கலாம். போய்ச் சேர்ந்தாலும், ஐயா கூப்பிட்டாரு, டீச்சர் எறங்கச் சொல்லுது என்று மலையில் வேலை வாங்கும் கங்காணி யோசித்துக்கொண்டு நிற்பார். அரைப் பேர் விழும் என்று பெண்களும் தயங்குவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன், அது அவர்கள் வயிற்றுப்பாடு.

அப்போதுதான் முற்றத்துப் பலா மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைப் பார்த்தேன். பழைய ரயில் பாதையில் இருந்து எப்போதோ எடுத்தது. மடுவத்து மணி என்பார்கள். அதை மற்றதற்கெல்லாம் தட்டக் கூடாது. ஒரு பிள்ளைக்கு வலிப்பு, காய்ச்சல், விழுந்து அடிபட்டது, பாம்பு வந்தது, இப்படி ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் அடிக்க வேண்டும். அடித்தால் மலையில் நிற்கும் தாய் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். கங்காணி மறிக்க மாட்டார், கணக்கப்பிள்ளை மறிக்க மாட்டார், துரையே நின்றாலும் மறிக்க முடியாது. எந்தப் பிள்ளைக்கு என்று மணி சொல்லாது. அதனால் எல்லாத் தாய்மாரும் ஓடி வருவார்கள்.

"மணிய அடி பரமேஸ்."

அவள் என்னைப் பார்த்த பார்வை! "புள்ளைங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு டீச்சர்? பொய் மணியா அடிக்கச் சொல்றீங்க? ஒரு தடவ பொய்யா அடிச்சா, நாளைக்கு உண்மையிலயே ஒண்ணுன்னா எவ வருவா? இத்தன வருஷத்துல ஒருக்காவும் நான் அப்படி அடிச்சதில்ல."

"சரோஜா மேல இருக்கா" என்றேன்.

அவள் பிள்ளையை என் கையில் திணித்தாள். இரும்புக் கம்பியை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி அடித்தாள், அப்புறம் நிறுத்தவே இல்லை.

அந்தச் சத்தம் மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. மடுவத்தில் இருந்த குழந்தைகள் எல்லாம் ஒரேயடியாக அழ ஆரம்பித்தன. சரோஜாவின் பிள்ளை என் தோளில் வாந்தி எடுத்தது. அதைத் தோளில் போட்டபடியே ஒரு கையால் அடாப்டரை மாற்றினேன். இப்போது அதற்கு நேரம் இருந்தது, அதனால் செய்தேன். முதலில் செய்யவில்லை. இந்த வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியை மறந்தாலும் பரவாயில்லை.

பனிமூட்டத்துக்குள் இருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஐயோ, அவர்கள் வந்த விதத்தை நான் எப்படி எழுதுவேன்! தலைத்துணி அவிழ்ந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு காலில் தட்ட, "யாரு புள்ள? யாரு புள்ள?" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். முன்னால் வந்தவள் சரோஜா. என் கையில் இருந்த பிள்ளையைப் பறித்து, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என் மேல் பாய்ந்தாள்.

"என்ன டீச்சர் வெளையாட்டு இது? எங்க உசுரு போயிருச்சு!"

"போன எடு சரோஜா. எல்லாரும் போன எடுங்க" என்றேன்.

பெட்டி இப்போது நின்று எரிந்தது. அடியில் கிடந்த குரலைத் தேடி எடுத்து, எல்லோருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். முற்றம் முழுவதும் கணக்கப்பிள்ளை பேசினார், ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் முன்னும் பின்னுமாக: "நாளைக்கு ரெண்டாம் மலைப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. மேல தரை வெடிச்சிருக்கு. லயத்துலயும் இருக்காதீங்க, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க."

ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஓடி வரும்போது தண்ணீர் வடியும் கானுக்குள் விழுந்து கை முறிந்திருந்தது. அவளே அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

"மேல இன்னும் யாரு இருக்கா?" என்று பரமேஸ் கேட்டாள்.

கைப்பிள்ளை இல்லாதவர்கள் இருந்தார்கள். வயதான பெண்கள், கங்காணி. மணி அவர்களுக்கு இல்லை என்று அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். சரோஜாவின் மாமியாரும் அவர்களோடுதான்.

சரோஜா பிள்ளையைத் தாயிடம் நீட்டினாள். "போன்ல ஐயா பேசினத காட்டினாத்தான் கங்காணி எறங்குவாரு. நான் போயிட்டு வந்துர்றேன்."

"நீ போவாத! வேற யாராச்சும் போகட்டும்!"

"எனக்குத்தாம்மா வேகமா ஏற முடியும். மாமி முட்டி வலிக்காரி, அவங்கள யாரு கூட்டியாருவா?" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள். பரமேஸ் அவள் முந்தானையைப் பிடித்தாள், அது கையில் நிற்கவில்லை.

பிறகு காத்திருப்பு. காத்திருப்பதைப் பற்றி என்னிடம் எழுதச் சொன்னால் நான் எழுத மாட்டேன். முற்றத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே இருந்தேன். மற்றப் பெண்களைப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம். பரமேஸ் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மணியை விடாமல் அடித்தாள். மூட்டத்துக்குள் வழி தெரியாமல் போனால் சத்தத்தைப் பிடித்தாவது வரட்டும் என்றாள்.

அப்போது மலை இறங்கியது. லொறியில் இருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அது நிற்காமல் நீண்டுகொண்டே போனது. பிறகு ஒரு வாடை, பச்சை மண்ணும் உடைந்த தேயிலையும் கலந்த வாடை. பரமேஸ் அடிப்பதை நிறுத்தவில்லை. நான் அவளைப் பார்க்கத் துணியவில்லை. பெட்டி என் பின்னால் சின்னப் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிக் கானில் எறிந்துவிட வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

அவர்கள் மலைப் பாதையில் வரவில்லை. ரப்பர் காட்டுப் பக்கமிருந்து, யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்தார்கள். பாதை போய்விட்டதால் சுற்றி இறங்கியிருக்கிறார்கள். கங்காணி முன்னால், கிழவிகள் நடுவில், கடைசியில் மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு சரோஜா. முகம் முழுக்கச் சேறு. சொந்தப் பிள்ளையே அவளைப் பார்த்து வீறிட்டது.

பரமேஸ் கம்பியைக் கீழே போட்டாள். போய் மகளின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கங்காணி அந்தப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

இனி உங்களுக்கு. பெல்மதுளைக் கடைகளில் இந்தப் பலகைக்கென்றே மின்கலத்தோடு சின்னக் கடிகாரம் கிடைக்கிறது. அது இல்லாமல் ஒரு பெட்டியையும் பொருத்தாதீர்கள். அடாப்டரைக் கழற்ற முடியாதபடி கட்டுங்கள். பேசுகிறவர் முதலில் கிழமையைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். இதையெல்லாம் நான் எல்லா மடுவத்திலும் செய்து முடித்தேன். கணக்கப்பிள்ளையும் மாறிவிட்டார். பெட்டியில் சொன்னாலும் மறுபடி லயம் லயமாக நடந்து ஒருமுறை கத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். தொண்டை கட்டிக்கொண்டது என்று என்னிடம் குறை வேறு.

கடிகாரம் போட்டபின் நிம்மதியா என்று கேட்டால், இல்லை. மின்கலம் தீராதா? இப்போதும் மழை பெய்தால் எனக்குத் தூக்கம் வராது, எந்தப் பெட்டி எந்த நாளில் விழித்திருக்கிறதோ என்று. உங்களுக்கும் வராமல் இருந்தால் நல்லது. இந்த வேலைக்கு அது வேண்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. கை முறிந்த பெண்ணின் வீட்டார் சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமல் மணி அடித்தது யார் குற்றம் என்று தோட்ட ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு ஐயா விசாரிக்க மடுவத்துக்கு வந்தார். நானும் போயிருந்தேன்.

"நான்தாங்க அடிக்கச் சொன்னேன்" என்றேன்.

"இருங்க டீச்சர். மணிக்குப் பொறுப்பு இவங்கதானே, இவங்க சொல்லட்டும்." அவர் பரமேஸ் பக்கம் திரும்பினார். "புள்ளைக்கு ஆபத்துன்னாத்தான் மணி அடிக்கணும். அது தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அன்னைக்கு மடுவத்துல இருந்த புள்ளைங்க எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் எந்தப் புள்ளைக்கு ஆபத்துன்னு அடிச்சீங்க?"

பரமேஸ் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை.

"எம் புள்ளைக்குங்க" என்றாள். "மலையில நின்னிச்சு."